தீக்குச்சி சொல்லும் வரலாறு



திருவண்ணாமலையை வலம் வருகிற 14 கிலோமீட்டர்ப் பாதையில், மலைக்கு மேற்கே, அடி அண்ணாமலை என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊரின் ஆரவாரமெல்லாம் மலையின் மறுபக்கத்தில் தங்கிவிட, இங்கே வானமும் மலையும் ஒரு சிறு கோயிலும் அமைதியாக இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகைத் திருநாள் மாலையில், நான் அந்தக் கோயிலின் அருகே நின்றுகொண்டிருந்தேன். தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. எல்லாருடைய கண்களும் மலையுச்சியின்மேல் இருந்தன. அங்கே பெரிய செப்புக் கொப்பரையில் ஊர் கூடித் தந்த நெய்யும் துணித் திரியும் தயாராக இருந்தன. உச்சியில் ஒரு செம்புள்ளி தோன்றியது. தோன்றிய கணத்திலேயே கீழே நின்ற ஆயிரக்கணக்கான கைகள் குவிந்தன.

என் பக்கத்தில் அகல்விளக்கும் கற்பூரமும் விற்கும் மூதாட்டி ஒருவர் இருந்தார். மலைமேல் தீபம் தெரிந்தவுடன் தம் கடை முன்னே ஓர் அகலை ஏற்ற அவர் விரும்பினார். காற்றோ விடவில்லை. ஒரு குச்சி அணைந்தது, இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவது குச்சியை உரசுமுன் அவர் என்னைப் பார்த்து, “ஐயா, கொஞ்சம் இப்படி மறைச்சு நில்லுங்க” என்றார். நான் காற்றுக்கு முதுகு காட்டி நின்றேன். அகல் எரிந்தது. நன்றி சொல்வதுபோல் அவர் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். நானும் ஓர் அகலை வாங்கி ஏற்றினேன்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். குடியாத்தத்தில் செய்யப்பட்டது என்று அச்சிட்டிருந்தது. பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்தில் திருவண்ணாமலையும் ஓர் ஊர். குடியாத்தமும் ஓர் ஊர். விலை 2 ரூபாய், குச்சிகள் 50. அப்படியானால் ஒரு குச்சி 4 காசு! மலையுச்சியில் எரியும் தீக்குத் திருநாள் உண்டு, பாட்டு உண்டு, புராணம் உண்டு. இந்த 4 காசுத் தீக்கு வரலாறு உண்டா? உண்டு. அஃது உலகைச் சுற்றி வந்த வரலாறு. நம் தமிழ்நாட்டு இளைஞர் இருவர் இரயிலேறிச் சென்று கொண்டுவந்த வரலாறு. பெருமையும் வருத்தமும் கலந்த வரலாறு. தொழிலில் புதுமை காண்பது எப்படி, சிக்கலை அவிழ்ப்பது எப்படி என்று அறிய விரும்பும் மாணவர்களுக்கு இதனினும் நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அந்தப் பெட்டியை நான் என் வகுப்பறைக்கும் எடுத்துச் சென்றேன். அங்கே நடந்ததைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

புதுமை என்றவுடன் நமக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடமும் ஓர் அறிஞரும் நினைவுக்கு வருகின்றனர். கண்டுபிடிப்பு வேறு, தொழிற்புதுமை வேறு. இதுவரை இல்லாத ஒன்றை அறிவது கண்டுபிடிப்பு. உள்ள பொருள்களையும் உள்ள மனிதர்களையும் இதுவரை எவரும் சேர்க்காத முறையில் சேர்த்து ஒரு தேவையைத் தீர்ப்பது தொழிற்புதுமை. நூல் சிக்கிக்கொண்டால் பாட்டிமார் என்ன செய்வார்கள்? இழுக்கமாட்டார்கள், இழுத்தால் சிக்கு இறுகும் என்று அவர்களுக்குத் தெரியும். நூலின் தலைப்பு எங்கே இருக்கிறது என்று பொறுமையாகத் தேடுவார்கள். தொழிலிலும் அப்படித்தான். பலர் இழுக்கிறார்கள், சிலரே தலைப்பைத் தேடுகிறார்கள்.

முதலில் உலகக் கதையைப் பார்ப்போம். உரசினால் எரியும் குச்சியை முதலில் விற்றவர் ஜான் வாக்கர் என்னும் ஆங்கிலேய மருந்துக் கடைக்காரர். ஸ்டாக்டன் என்னும் ஊரில், 1827-ஆம் ஆண்டில், அவர் அதனை விற்கத் தொடங்கினார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. பின்வந்தவர்கள் அக் குச்சியில் வெண்பாஸ்வரத்தைச் சேர்த்தார்கள். எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும், மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் வெண்பாஸ்வரம் நஞ்சு. தொழிற்சாலைகளில் அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்தவர்களின் தாடையெலும்பு அழுகியது. 1888-ஆம் ஆண்டில் இலண்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலைசெய்த பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்து உலகின் கவனத்தை ஈர்த்தனர். 1906-இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி, வெண்பாஸ்வரத் தீக்குச்சிகளைத் தடைசெய்ய உடன்பட்டன.

இதற்கு மாற்று, அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதுதான் வியப்பு. 1844-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியல் அறிஞர் குஸ்தாவ் எரிக் பாஷ் ஒரு வழி கண்டார். குச்சி எரிய இரண்டு வகைப் பொருள்கள் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதனால்தானே ஆபத்து? ஒன்றைக் குச்சியின் தலையில் வை. மற்றொன்றைப் பெட்டியின் பக்கத்தில் பூசு. உரசும் அந்தக் கணத்தில் மட்டும் இரண்டும் சந்திக்கட்டும். அதுவே அவருடைய கருத்து. நஞ்சான வெண்பாஸ்வரத்துக்குப் பதிலாகச் செம்பாஸ்வரம் பெட்டியின் பக்கத்துக்குப் போயிற்று. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும் இடம்பெற்றன. ஜான்கோப்பிங் என்னும் ஊரில் லுண்ட்ஸ்டிராம் சகோதரர்கள் அம்முறையைச் செம்மைப்படுத்திப் பெருந்தொழிலாக வளர்த்தார்கள். இன்று நம் அடுக்களையில் இருக்கும் தீப்பெட்டி அந்தக் கருத்தின் வழி வந்ததே. ஒரு பொருளைக் கூட்டாமல், இருந்த பொருள்களைப் பிரித்து வைத்ததனாலேயே ஒரு சிக்கல் தீர்ந்தது. இந்தப் ‘பிரித்து வைத்தல்’ என்னும் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இக் கதையில் அது மீண்டும் வரும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் எரிந்த தீக்குச்சிகளில் பெரும்பாலானவை கப்பலேறி வந்தவை. ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் அவை வந்தன. கோடிக்கணக்கான வீடுகளில் நாள்தோறும் அடுப்பு மூட்டவேண்டிய நாடு, நெருப்புக்கு அயல்நாட்டை எதிர்பார்த்து நின்றது. கல்கத்தாவில் சுதேசி இயக்கத்தின் வேகத்தால் சிலர் இத்தொழிலைக் கற்று நடத்திவந்தனர். 1922-இல் அரசாங்கம் தன் வருவாய்க்காக அயல்நாட்டுத் தீப்பெட்டிமீது விதித்த வரியை மிகவும் உயர்த்தியது. உள்நாட்டில் செய்தால் விற்கலாம் என்ற நிலை அதனால் பிறந்தது. ஆனால் கதவு திறப்பது ஒன்று. அதன் வழியே நுழைவது வேறொன்று. யார் நுழைந்தார்கள்?

அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசி என்றோர் ஊர். மழை குறைவு, ஆறு இல்லை, நிலம் கரிசல். மழை பொய்த்த ஆண்டில் உழவனுக்கு வேலை இல்லை. 1899-ஆம் ஆண்டில் அவ்வூர் பெருங் கலவரத்தையும் கண்டது. இவ்வாறு இயற்கையும் சமூகமும் சேர்ந்து நெருக்கிய இடத்தில் நாடார் குல வணிகர்கள் தங்களுக்கென ஓர் ஏற்பாட்டை உருவாக்கியிருந்தார்கள். அதற்கு மகமை என்று பெயர். வணிகர் ஒவ்வொருவரும் தம் வியாபாரத்தின் அளவுக்கு ஏற்ப ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்குத் தரவேண்டும். வண்டியும் சரக்கும் இரவில் பாதுகாப்பாகத் தங்கும் பேட்டைகளும், கிணறுகளும், பள்ளிகளும் இத்தகைய பொதுநிதியால் எழுந்தன. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை அத்தகைய பள்ளிகளுள் ஒன்று. வீடுதோறும் எடுத்துவைத்த பிடி அரிசியும் அப்பள்ளிக்கு உதவியது. பிற்காலத்தில் தமிழகத்தின் முதலமைச்சராக விளங்கிய காமராசர் பயின்ற பள்ளி அது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. இன்று அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று வழங்குகிறது. தனியொருவரிடம் முதல் இல்லாதபோது பலருடைய சிறு காசுகளைச் சேர்த்து முதலாக்குவதும் ஒரு தொழிற்புதுமையே அன்றோ? தீப்பெட்டி வருவதற்கு முன்பே அந்தப் புதுமை அங்கே வேர்விட்டிருந்தது.

1922-ஆம் ஆண்டில், அந்த ஊரைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். மொழி வேறு, உணவு வேறு, தூரமோ மிகத் தூரம். அவர்கள் பட்டம் பெறச் செல்லவில்லை. ஒரு கைத்தொழிலைக் கண்ணால் கண்டு, கையால் செய்து கற்கச் சென்றார்கள். பூர்ண சந்திர ராய் என்பவர் அவர்களுக்குத் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்பித்தார். மாதக்கணக்கில் தங்கிக் கற்ற பின், 1923-இல் அவர்கள் சிவகாசிக்குத் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் வருவித்தார்கள்.

ஆனால் இயந்திரம் வாங்கியதனால் மட்டும் சிவகாசி உயர்ந்துவிடவில்லை. அயல்நாட்டுக் கருவிக்குப் பெரும் முதல் வேண்டும். பழுதுபார்க்கத் தேர்ந்த ஆள் வேண்டும். இடையறாத விசை வேண்டும். இம்மூன்றும் அன்றைய சிவகாசியில் அரியவை. அப்படியானால் மிகுதியாக இருந்தவை யாவை? வேலை தேடும் கைகள். ஆண்டின் பெரும்பகுதி காயும் வெயில். ஒருவரையொருவர் நம்பிக் கடன் தரும் வணிகர் கூட்டம். நம்மில் பலர் ஒரு தொழிலை எண்ணும்போது இல்லாதவற்றின் பட்டியலை எழுதுகிறோம். அவர்கள் இருப்பவற்றின் பட்டியலை எழுதினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சிக்கலின் தலைப்பு அங்கேதான் இருந்தது.

வெயிலைப் பாருங்கள். உழவனுக்கு அது பகை. குச்சியை மருந்தில் முக்கி உலர்த்துகிறவனுக்கோ அது விலையில்லாத அடுப்பு. ஈரம் மிகுந்த ஊரில் குச்சியின் தலை இளகும். பெட்டியின் பசை காயாது. வறண்ட ஊரில் இரண்டும் விரைவில் காயும். பல தலைமுறைகளாகக் குறை என்று சொல்லப்பட்ட ஒன்று ஒரே தலைமுறையில் நிறையாயிற்று.

அடுத்துக் கைகளைப் பாருங்கள். இயந்திரம் ஒரே ஓட்டத்தில் செய்யும் வேலையை அவர்கள் பல சிறு வேலைகளாகப் பிரித்து வைத்தார்கள். மரத்தைச் சீவிக் குச்சியாக்குவது ஒரு வேலை; அதற்குக் கேரளத்து மென்மரங்கள் வந்தன. பள்ளமிட்ட சிறு பலகைகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அப்பலகைகளை ஒரு சட்டத்துக்குள் இறுக்குவது மற்றொரு வேலை. ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் அந்தக் குச்சிகளின் நுனியை முதலில் உருக்கிய மெழுகிலும், பின்னர் மருந்திலும் முக்குவது இன்னொரு வேலை. மெழுகு எதற்கு என்று கேட்பீர்கள். தலையில் பிறந்த தீயை மரத்துக்கு எடுத்துச் செல்லும் தூது அதுவே. பெட்டி ஒட்டுவது, படம் ஒட்டுவது, குச்சியை நிரப்புவது, பக்கத்தில் செம்பாஸ்வரம் பூசுவது என்று வேலைகள் தொடர்ந்தன. ஒவ்வொன்றையும் சில நாளில் கற்றுக்கொள்ளலாம். சிலவற்றை வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். எத்தனை செய்தாரோ அத்தனைக்குக் கூலி. தீப்பெட்டி ஆபீஸ் என்று மக்கள் வழங்கும் தொழிற்கூடங்கள் சிவகாசியிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் பெருகின. பின்னர்க் குடியாத்தம் வரையிலும் பரவின.

மூன்றாவதாக அந்தப் படத்தைப் பாருங்கள். வாங்குகிறவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கண் இருக்கிறது. விலங்கோ பறவையோ பூவோ தெளிவான நிறத்தில் அச்சிட்டால், அடுத்த முறை கடைக்கு வருகிறவர் படத்தைச் சொல்லிக் கேட்பார். ஆகவே படம் வேண்டும், லட்சக்கணக்கில் வேண்டும், மலிவாக வேண்டும். இத்தேவை சிவகாசிக்கு அச்சகங்களைக் கொண்டுவந்தது. தீப்பெட்டிக்குப் படம் அச்சிட்ட இயந்திரங்கள் நாட்காட்டிகளையும் நாட்குறிப்புகளையும் அச்சிடத் தொடங்கின. மருந்தைக் கையாளத் தெரிந்த கைகள் வாணவேடிக்கைப் பொருள்களையும் செய்தன. இரண்டாம் உலகப்போரால் அயல்நாட்டுப் பட்டாசு வரவு நின்றது. 1940-இல் வெடிபொருள் விதிகளின்கீழ் உரிமம் பெற்று அத்தொழில் ஒழுங்காக வளரத் தொடங்கியது. ஒரு சிக்கலின் விடை அடுத்த சிக்கலைக் காட்டுகிறது; அதன் விடை அடுத்த தொழிலாகிறது. சிவகாசியை மக்கள் ‘குட்டி ஜப்பான்’ என்று அழைத்ததற்கு இந்தச் சங்கிலியே காரணம்.

இவர்களுக்கு எதிரே நின்றவர் யார் தெரியுமா? ஐவர் குரூகர் என்னும் ஸ்வீடன் நாட்டுச் செல்வர். நாடுகளுக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாக அந்நாடுகளில் தீப்பெட்டி விற்கும் தனியுரிமை பெற்று, உலகத் தீக்குச்சி வாணிபத்தின் பெரும்பகுதியைத் தம் கைக்குள் கொண்டுவந்தவர். வரிச்சுவரைத் தாண்டுவதற்காக அவருடைய நிறுவனம் இந்தியாவுக்குள்ளேயே வந்தது. 1923-இல் மேற்கிந்தியத் தீப்பெட்டிக் கம்பெனி, அதாவது விம்கோ, தோன்றியது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரிலும் அதன் தொழிற்சாலை எழுந்தது. அங்கே இன்றும் விம்கோ நகர் என்ற பெயர் வழங்குகிறது. இரு இளைஞர்கள் சிவகாசியில் தொடங்கிய அதே ஆண்டு! ஒரு பக்கம் உலகத்தை வளைத்த முதல். மறு பக்கம் சட்டத்தில் குச்சி அடுக்கும் விரல்கள். குரூகர் 1932-இல் பாரிஸ் நகரில் இறந்தார். கணக்கில் காட்டிய செல்வத்துள் பெரும்பகுதி வெறும் காகிதம் என்று பின்னர்த் தெரிந்தது. சிவகாசியின் விரல்களோ நிற்கவில்லை.

அரசின் வரியும் இதற்குத் துணைநின்றது. 1934-இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் ஆயத்தீர்வை வந்தது. விடுதலைக்குப் பின், கைத்தொழில் இயந்திரத்தின்முன் நசுங்கிவிடாதிருக்க, உற்பத்தியின் அளவைக்கொண்டு தொழிற்கூடங்களை வகைபிரித்து, சிறியவற்றுக்குக் குறைந்த வரி விதித்தனர். நல்ல நோக்கம். ஆனால் மனிதர் மூளை எங்கே சும்மா இருக்கும்? பெரிய கூடத்தை வைத்திருந்தவர்களுள் சிலர் அதனைப் பல சிறு கூடங்களாகப் பிரித்து, வேறு வேறு பெயரில் பதிந்து, குறைந்த வரிக்குள் புகுந்துகொண்டார்கள். இதுவும் ‘பிரித்து வைத்தல்’தான். இதுவும் ஒருவகைப் புதுமைதான். ஆயினும் பாஷ் செய்த பிரிவினையும் இந்தப் பிரிவினையும் ஒன்றாகுமா என்று சற்று எண்ணிப் பாருங்கள்.

வகுப்பறையில் நான் இவ்வளவையும் உற்சாகமாகச் சொல்லி முடித்தேன். பெட்டியை உயர்த்திக் காட்டி, “இதுவன்றோ தமிழர் கண்ட தொழிற்புதுமை!” என்றேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து எங்கள் பக்கம் வந்து படித்தவள்.

“ஐயா, ஒன்று சொல்லலாமா?” என்றாள்.

“சொல், அம்மா” என்றேன்.

“எங்கள் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. எட்டு வயதிலிருந்து குச்சி அடுக்கினார்கள். விடியுமுன் ஊருக்குப் பஸ் வருமாம். தூக்கத்திலேயே தூக்கி ஏற்றிவிடுவார்களாம். சின்ன விரலுக்குத்தான் வேகம் வரும் என்று சொல்வார்களாம். நீங்கள் சொன்ன விரல்களில் எங்கள் அம்மா விரலும் ஒன்று, ஐயா.”

வகுப்பில் அசைவில்லை. அவள் உட்காரவில்லை. சற்று நின்று மேலும் சொன்னாள்: “ஆனால் அந்தக் கூலியில்தான் நான் படிக்கிறேன். அதையும் சொல்லவேண்டும்.”

நண்பர்களே, ஆசிரியன் என்ற முறையில் நான் நாணிய நாள்களுள் அதுவும் ஒன்று. நான் சொன்னவை பொய்யல்ல, ஆயினும் பாதியே. மலிவு என்று நான் மெச்சிய விலையில் ஒரு பகுதியை அந்தச் சிறுமி தன் படிப்பால் செலுத்தியிருக்கிறாள். அந்தக் கணக்கு பெட்டியின்மேல் அச்சிடப்படுவதில்லை.

அவள் சொன்னது அவள் தாயின் கதை மட்டுமன்று. பல பத்தாண்டுகள் அப்பகுதியின் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் பெருந்தொகையினராக உழைத்தார்கள். அவர்களுள் சிறுமியரே மிகுதி. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அபாயமான தொழில்களில் 14 வயதுக்கு உட்பட்டோரை அமர்த்தலாகாது என்றது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றி வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்தவேண்டும். அக்குழந்தையின் குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு முயலவேண்டும் என்றது. குழந்தையை வெளியே அனுப்பிவிட்டால் போதாது, அடுப்பும் எரியவேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு உணர்ந்திருந்தது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டமும், 2016-இல் எல்லாத் தொழில்களிலும் 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கமர்த்தத் தடை விதித்த திருத்தமும் வந்தன. இடையில் பள்ளியும் மதிய உணவும் தம் பணியைச் செய்தன. குச்சி அடுக்கவும் நிரப்பவும் சிறு இயந்திரங்கள் வந்தன. வேகம் வேண்டுமென்றால் சின்ன விரல்தான் வேண்டும் என்ற வாதம் அதனால் வலுவிழந்தது. சிறு விரல் செய்த வேலையைச் சிறு இயந்திரம் செய்யுமென்றால், அந்த இயந்திரம் முப்பது ஆண்டு முன்னதாக வந்திருக்கக் கூடாதா? வந்திருக்கலாம். விரல் மலிவாகக் கிடைத்தவரையில் அதனைத் தேட வேண்டிய தேவை எவருக்கும் தோன்றவில்லை. மலிவான உழைப்பு சிலவேளை புதுமைக்குத் தாயாகிறது. சிலவேளை புதுமையைத் தூங்கவும் வைத்துவிடுகிறது.

இப்போது பாஷ் என்ற அந்த அறிஞரை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவர் ஆபத்தைப் பிரித்து வைத்தார்; ஆபத்தே குறைந்தது. வேலையைப் பிரித்து வைத்த சிவகாசி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்டது; ஆனால் பாரத்தின் ஒரு பகுதி இருப்பவர்களுள் மிகச் சிறியவரின் தோளில் போய் இறங்கியது. எனவே ஒரு தீர்வை எடைபோட இரு கேள்விகள் வேண்டும். சிக்கல் தீர்ந்ததா என்பது முதற் கேள்வி. தீர்ந்ததா, அல்லது வேறொருவர் வீட்டு வாசலில் இறக்கி வைக்கப்பட்டதா என்பது இரண்டாம் கேள்வி. முதற் கேள்வியைச் சந்தையே கேட்டுவிடும். இரண்டாம் கேள்வியை யாராவது எழுந்து நின்று கேட்கவேண்டும், கடைசி வரிசையிலிருந்து அவள் கேட்டதுபோல.

இன்று அத்தொழிலின்முன் புதிய சிக்கல்கள் நிற்கின்றன. 2007 முதல் ஒரு பெட்டியின் விலை 1 ரூபாயாகவே இருந்தது. மெழுகு, மருந்து, அட்டை எல்லாம் விலையேறியும் பெட்டியின் விலை 14 ஆண்டுகள் ஏறவில்லை. 2021 டிசம்பர் முதல் நாளில்தான் 2 ரூபாயாயிற்று. 36-ஆக இருந்த குச்சிகளும் 50 ஆயின. இதற்குள் அயல்நாட்டிலிருந்து மலிவான பிளாஸ்டிக் லைட்டர்கள் வந்து நிறைந்தன. தீப்பெட்டி உற்பத்தியாளர்களின் முறையீட்டுக்குப் பின், 2023-இல் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடுத்தது. நூறு ஆண்டுக்கு முன் ஒரு வரிச்சுவர் தொழிலைப் பிறப்பித்தது. இன்று ஒரு தடைச்சுவர் அதனைக் காக்க முயல்கிறது. ஆனால் சுவர் ஒன்றே காப்பாகுமா? 1922-இல் சுவர் எழுந்தபோது அதன் நிழலில் பலர் உட்கார்ந்திருந்தார்கள், இருவர் இரயிலேறினார்கள். இன்று இரயிலேற வேண்டியவர்கள் யார்? அவர்கள் எங்கே சென்று எதனைக் கற்கவேண்டும்? அந்த விடையை எழுதவேண்டிய வயதில் இருப்பவர்கள் நீங்கள்.

புதிதாக ஒன்றைச் செய்ய எண்ணும் மாணவனுக்கு நான் சொல்லக்கூடியது சிறிதே. உன் ஊரின் குறை என்று எல்லாரும் சொல்வதை ஒருமுறை திருப்பிப் பார். அதில் யாருக்காவது வெயில்போல் ஒரு பயன் ஒளிந்திருக்கலாம். தெரிந்தவரிடம் போய்க் கற்க வெட்கப்படாதே, கல்கத்தாவாயினும் போ. உன்னிடம் முதல் இல்லையென்றால் பலருடைய பிடி அரிசியைச் சேர்க்கும் வழியை எண்ணு. எல்லாம் செய்து முடித்தபின், கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத செலவு ஏதேனும் உண்டா, அதனை யார் தருகிறார் என்று பார். கடைசியில் சொன்னதை முதலிலேயே பார்ப்பாயானால் அது இன்னும் நன்று.

அடுத்த கார்த்திகையிலும் நான் அடி அண்ணாமலைக்குச் சென்றேன். அந்த மூதாட்டி அதே இடத்தில் இருந்தார். இம்முறை காற்று இல்லை. முதற்குச்சியிலேயே அகல் எரிந்தது. “பெட்டியில் ஐம்பது குச்சி இருக்கிறதா, அம்மா? எண்ணிப் பார்த்ததுண்டா?” என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“அடுக்கினவங்க எண்ணியிருப்பாங்க ஐயா” என்றார் அவர்.

நான் அகலைக் கையில் ஏந்திக்கொண்டு மலையைப் பார்த்து நின்றேன். உச்சியில் எரிந்த தீ ஊராரெல்லாம் தந்த நெய்யில் எரிந்தது. அது யாவருக்கும் தெரியும். என் கையில் எரிந்த தீயும் பலர் தந்ததே. அவர்கள் பெயர் எதுவும் எனக்குத் தெரியாது. சாத்தூர்ப் பக்கத்துத் தாய் ஒருத்தியை மட்டும் அவளுடைய மகளின் குரலால் அறிவேன்.